ஆல்ஃப்ரெடோ பாஸ்தா: சீஸைப் பாழாக்காமல் இருக்க

போன வாரம் தங்கை மகள் என் சமையலறையில் ஃபெட்டுச்சினே ஆல்ஃப்ரெடோ செய்தாள், அதாவது ரிப்பன் மாதிரி நீளப் பாஸ்தாவில் வெண்ணெயும் சீஸும் புரட்டியது. எரிகிற அடுப்பிலேயே சீஸைக் கொட்டினாள். வருடங்களுக்கு முன்பு நான் செய்த அதே வேலை. உப்பு மறப்பது, பாஸ்தாவைக் குழையவிடுவது எல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன்.

கிரீம்

வேண்டாம். ரோமில் உணவகம் நடத்திய ஆல்ஃப்ரெடோ டி லேலியோ பரிமாறியது பாஸ்தா, வெண்ணெய், பார்மிஜானோ சீஸ், அவ்வளவுதான். மௌனப்பட நட்சத்திரங்கள் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் 1920இல் தேனிலவுக்குப் போனபோது மயங்கியது அதில்தான். பிற்பாடு அவருக்குத் தங்கத்தில் முள்கரண்டியும் ஸ்பூனும் பரிசளித்தார்கள். கிரீம் அமெரிக்காவில் வந்து ஒட்டிக்கொண்டது.

அடுப்பின் மேல் சீஸ்

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் குறைந்தது 12 மாதம் முதிரவைத்த பிறகுதான் விற்கிறார்கள். விலையும் அதற்கேற்றபடி. யோசித்து யோசித்து வாங்கிய 200 கிராமை அரை நிமிடத்தில் ரப்பர் உருண்டையாக்கினேன். வெண்ணெய் பிரிந்து அடியில் நின்றது. கரையட்டும் என்று தீயைக் கூட்டினேன், இன்னும் இறுகியது. பால் திரிகிற மாதிரிதான் இதுவும். சூடு மிஞ்சினால் சீஸிலுள்ள புரதம் ஒன்றையொன்று பிடித்துச் சுருண்டு கொழுப்பை வெளியே தள்ளிவிடும். திரிந்த பாலை மறுபடி பாலாக்க முடியுமா?

அடுப்பை அணையுங்கள். சூடான பாஸ்தாவை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, முதலில் வெண்ணெய், அப்புறம் கொஞ்சம் பாஸ்தா வெந்த தண்ணீர். நன்றாகப் புரட்டிவிட்டு, மாவு போலத் துருவிய சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிப் புரட்டிக்கொண்டே இருங்கள். பளபளவென்று பூசினாற்போல வரும். கட்டி தட்டினால் இன்னும் ஒரு கரண்டித் தண்ணீர்.

வெந்த தண்ணீர்

கொட்டாதீர்கள். சாதம் வடித்துப் பழகிய கை தானாகவே தொட்டிப் பக்கம் போகும். அந்தக் கஞ்சியில் இருக்கும் மாவுச்சத்துதான் வெண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கிறது. அதனால் வேகவைக்கும்போதும் தண்ணீரைக் குறைவாகவே வையுங்கள்.

துருவிய பாக்கெட் சீஸ்

ஒட்டாமலிருக்கத் தூள் கலந்திருப்பார்கள். சரியாகக் கரையாது. கட்டியாக வாங்குங்கள்.

ஆறவிடுவது

ஆறினால் இறுகிப்போகும். போட்டோவெல்லாம் ஒன்று போதும். தங்கை மகள் ஏழு எடுத்தாள்.