வண்டி ஸ்டீரியோவில் இரைச்சல்: நுழையும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

புதிதாக ஆம்ப்ளிஃபையர் பொருத்திய காரில், எஞ்சினை ஓடவிட்டதும் பாட்டுக்கு அடியில் கொசு ரீங்கரிப்பதைப் போன்ற ஓசை எழுந்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதியும் ஏறினால், பலரும் உடனே கடைக்குப் போய் ஒரு நாய்ஸ் ஃபில்டர் வாங்கி வருகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். இரைச்சல் பாதி குறைந்தது; கூடவே தவில் ஓசையின் கனமும் குறைந்துபோனது. ஆம்ப்ளிஃபையரின் எர்த் வயரை வண்டியின் இரும்போடு இணைக்கும் போல்ட், சீட்டுக்கு அடியில் பெயின்ட்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்ததுதான் காரணம் என்பது பல மாதங்கள் கழித்தே தெரிய வந்தது. ஆகவே இந்த விளக்கத்தில் ஃபில்டர் கடைசியில்தான் வரும்.

தேவையானவை: ஒரு மல்டிமீட்டர், ஸ்பானர்கள், உப்புத்தாள், உபரியாக ஓர் ஆர்சிஏ கேபிள் (ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டைக் கொண்டுசெல்லும் கேபிள்), செல்பேசியை ஆர்சிஏ முனையில் இணைக்கும் ஒரு வயர். எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்க வேண்டியிருப்பதால் மூடிய ஷெட்டுக்குள் செய்யாமல், வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள்.

முதல் படி: காதால் பிரித்தறிதல்

எஞ்சினை ஓட்டாமல் ஸ்டீரியோவை மட்டும் போட்டுக் கேளுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் கேளுங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் எழுந்து வேகத்துடன் சுருதி ஏறும் ஓசை, நம் மெக்கானிக்குகள் இன்றும் டைனமோ என்றே அழைக்கும் ஆல்டர்னேட்டரின் சார்ஜிங்கிலிருந்து வருகிறது. வேகத்துக்கு ஏற்ப ‘டிக் டிக்’ என்று வந்தால் பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கையும் அதன் வயரையும் பாருங்கள்; டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது என்பதால் அங்கே அதைத் தேடுவது வீண் வேலை. எஞ்சின் ஓடாதபோதும் ‘உஸ்’ என்று ஒரே சீராகக் கேட்டால், பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையரின் கெயின், அதாவது உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்பதைத் தீர்மானிக்கும் திருகு, அளவுக்கு மீறித் திருப்பப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சலும் கூடவே குறைந்தால் அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்னால், அதாவது பாட்டு வரும் இடத்திலேயே கலக்கிறது. குறையாமல் அப்படியே நின்றால் அதற்குப் பின்னால், கேபிளிலோ ஆம்ப்ளிஃபையரிலோ எர்த்திலோ நுழைகிறது. முதல் வகையில் குற்றவாளி பல நேரங்களில் மலிவான செல்பேசி சார்ஜராகவே இருக்கும்: ஆக்ஸ் வயரில் பாட்டுக் கேட்டுக்கொண்டே சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏஎம் வானொலியில், அதுவும் பம்புசெட் டிரான்ஸ்பார்மரையோ உயர் அழுத்த மின்கம்பிகளையோ கடக்கும்போது மட்டும் வரும் கரகரப்புக்கு உங்கள் வண்டி பொறுப்பல்ல.

இரண்டாம் படி: பாதையைத் துண்டித்துப் பார்த்தல்

ஸ்டீரியோவை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரில் செருகியிருக்கும் ஆர்சிஏ முனைகளைக் கழற்றி மீண்டும் இயக்குங்கள். (அணைக்காமல் கழற்றினால் எழும் ‘டம்’ ஓசை ஸ்பீக்கரையே கெடுத்துவிடக்கூடும்.) அப்போதும் இரைச்சல் கேட்டால் ஆம்ப்ளிஃபையரின் பவர், எர்த், ஸ்பீக்கர் வயர்களில் தேடுங்கள். நின்றுவிட்டால், சார்ஜரில் இணைக்காத செல்பேசியை நேரடியாக ஆம்ப்ளிஃபையரில் செருகிப் பாட்டுப் போடுங்கள். இப்போது சுத்தமாகக் கேட்டால் சிக்கல் ஸ்டீரியோவிலோ அதிலிருந்து வரும் கேபிளிலோ இருக்கிறது. உபரி ஆர்சிஏ கேபிளைச் சீட்டுகளின் மேலேயே போட்டு ஸ்டீரியோவையும் ஆம்ப்ளிஃபையரையும் இணைத்துப் பார்த்தால், குற்றம் ஸ்டீரியோவிலா கேபிளிலா என்பதும் தெரிந்துவிடும். கேபிள்தான் காரணம் என்றால், பவர் கேபிளை ஒரு பக்கமும் ஆர்சிஏ கேபிளை மறுபக்கமும் கொண்டுசெல்லுங்கள். குறுக்கிட்டே ஆகவேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க விடுங்கள். அறுவடை முடிந்து எலிகள் வீட்டுப் பக்கம் வரும் தை, மாசியில் கேபிளின் மேலுறை கடிபட்டிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

மூன்றாம் படி: எர்த்

நான் கண்ட வண்டிகளில் பெரும்பாலானவற்றின் நோய் இங்கேதான் இருந்தது. ஆல்டர்னேட்டர் மாறுமின்சாரத்தையே உண்டாக்குகிறது. டயோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றிய பிறகும் சிறு அலைகள் எஞ்சுகின்றன. ஸ்டீரியோவின் எர்த்தும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால், இரண்டு வயல்களின் நீர்மட்டம் வேறுபடும்போது வரப்பிலுள்ள நண்டு வளை வழியாகத் தண்ணீர் பாய்வதைப் போல, அந்த அலைகள் ஆர்சிஏ கேபிளின் உறைக்கம்பி வழியாகப் பாய்ந்து பாட்டோடு கலந்துவிடுகின்றன.

மல்டிமீட்டரை டிசி 2 வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை ஆம்ப்ளிஃபையரின் எர்த் திருகிலும் வைத்து, எஞ்சின் ஓட, பாட்டுச் சத்தமாக ஒலிக்க அளந்து பாருங்கள். ஏறக்குறைய 0.1 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது; அரை வோல்ட் காட்டினால் எர்த் நிச்சயமாகச் சரியில்லை. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, போல்ட்டைச் சுற்றியுள்ள பெயின்டை இரும்பு பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, பவர் கேபிளுக்குச் சமமான தடிமனுள்ள வயரை ஒரு முழத்துக்குள், அதாவது 45 சென்டிமீட்டருக்கு மிகாமல் வெட்டி, ரிங் லக்குடன் (வயர் நுனியில் பொருத்தும் உலோக வளையம்) இறுக முடுக்கி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அகஸ்தியம்பள்ளி உப்பளங்களை ஒட்டியும் நாகப்பட்டினக் கடற்கரைச் சாலையிலும் ஓடும் வண்டிகளில் கிரீஸ் தடவாத போல்ட் விரைவில் துருப்பிடித்துப் பழைய இரைச்சலைத் திரும்பக் கொண்டுவரும். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயரையும் விட்டுவிடாதீர்கள்.

நான்காம் படி: ஆல்டர்னேட்டரும் ஃபில்டரும்

எர்த் சரியாக இருந்தும் ரீங்காரம் நிற்காவிட்டால், ஹெட்லைட்டைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே ஏசி வோல்ட்டை அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடு பழுதாகியிருக்கலாம், எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். மலிவான மீட்டர்கள் சில டிசியையே ஏசியாக எண்ணிக்கொண்டு 28 வோல்ட் என்றெல்லாம் காட்டும். முனைகளை மாற்றி வைத்தவுடன் அது பூஜ்யம் காட்டினால் அந்த மீட்டர் இந்தச் சோதனைக்கு உதவாது.

இவ்வளவும் செய்த பிறகும் மெல்லிய ஓசை மிஞ்சினால் மட்டும் ஆர்சிஏ பாதையில் ஃபில்டரை, அதாவது கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரைப் பொருத்துங்கள். அதற்குள் இருப்பது சிறு டிரான்ஸ்பார்மர். மலிவானதில் அடிச்சுருதி ஓசைகள் மெலியும். கடைசியாகக் கெயினை ஒருமுறை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஸ்டீரியோவின் வால்யூமை முக்கால் பங்கு ஏற்றிய நிலையில், பாட்டு உடையாத அளவுக்கு மெதுவாகத் திருப்பி நிறுத்துங்கள்.