ஹாலுக்குப் படம் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

வேலூரில் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் புதுவீடு கட்டுகிறவர்கள் பலர், கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் ஹால் சுவரை நிமிர்ந்து பார்க்கிறார்கள். டைல்ஸ், பெயின்ட், சோபா எல்லாம் முடிந்து மிச்சமிருக்கும் காசுக்கு அவசரமாக ஒரு படம் வாங்குவார்கள். படம் கோணலாகத் தொங்கினால் மறுநாளே நிமிர்த்திக்கொள்ளலாம். இங்கே சொல்லப்போவது பணத்தையும் படத்தையும் சேர்த்துக் காவு வாங்கும் தவறுகளை.

சோபாவை அளக்காமல் கடைக்குப் போவது

மூன்று பேர் உட்காரும் சோபா ஏறக்குறைய 78 முதல் 84 அங்குல நீளம் இருக்கும். அதற்கு மேலே 18 அங்குலப் படம் மாட்டினால், அகன்ற நெற்றியில் கடுகளவு பொட்டு வைத்ததுபோல் இருக்கும். சோபா நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் படம் அடைக்க வேண்டும். அதாவது 52 முதல் 56 அங்குலம். அது ஒரே படமாக இருக்க வேண்டியதில்லை. 16 அங்குலப் படங்கள் மூன்றை நடுவில் மும்மூன்று அங்குலம் விட்டு மாட்டினால் 54 வந்துவிடும். பழைய நாளிதழை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஏழடி உயரத்தில் மாட்டுவது

தாத்தா பாட்டி போட்டோவை லிண்டல் உயரத்தில் கயிறு கட்டி, முன்பக்கம் சாய்த்து மாட்டிய காலத்துப் பழக்கம் இது. சாய்வு இருந்ததால் கீழிருந்து பார்த்தாலும் முகம் தெரிந்தது. இப்போதைய ஃபிரேம் சுவரோடு நேராக நிற்கிறது. அந்த உயரத்தில் கண்ணாடியில் விளக்கின் பளபளப்புதான் தெரியும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருக்கட்டும். சோபாவுக்கு மேலே என்றால், சாய்மானத்திலிருந்து 6 முதல் 8 அங்குலம் விட்டுப் படத்தின் அடிவிளிம்பு.

துணி ஓவியத்தைப் பலகையில் ஒட்டச் சொல்வது

மனம் பொறுக்காத தவறு இதுதான். துணியில் கையால் வரையும் காளஹஸ்தி கலம்காரி ஓவியம் நமக்கு அந்நியமில்லை. 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை காளஹஸ்தியும் நம் வேலூரைப்போல வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால் இந்தப் பக்கத்து வீடுகளில் கலம்காரிக்கு நல்ல மவுசு. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய துணியை ஃபிரேம் கடையில் கொடுத்துவிட்டு, "சுருக்கமில்லாமல் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள். கடைக்காரருக்கு அதற்கு எளிய வழி, ஹார்ட்போர்டு முழுக்க வெள்ளைப் பசை தடவித் துணியை இழுத்து ஒட்டிவிடுவது. வாங்கும் அன்று கண்ணாடிபோல் நிற்கும்.

பிரச்சினை ஐப்பசி மழையில் ஆரம்பிக்கிறது. ஹார்ட்போர்டு ஈரத்தை உறிஞ்சி உப்பும். சித்திரை வந்து வெயில் 40 டிகிரியைத் தாண்டினால் காய்ந்து சுருங்கும். துணி அந்தக் கணக்கில் நீளாது, சுருங்காது. ஓரிரு வருடத்தில் பசை அங்கங்கே விட்டு, அம்மனின் கன்னத்தில் குமிழ் எழும்பும். ஓரங்களில் பழுப்புக் கறை ஊறி வரும். மைதாப் பசை போட்டிருந்தால் வெள்ளிப் பூச்சியும் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும்.

சரி, பிரித்து மறுபடி போட்டுக்கொள்ளலாமே என்றால், முடியாது. வெள்ளைப் பசை காய்ந்தபின் இழைக்குள் பிளாஸ்டிக்காக இறுகிவிடுகிறது. கலம்காரித் துணி கடுக்காயிலும் எருமைப்பாலிலும் தோய்த்து எடுத்தது. கறுப்புக் கோடு, இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரால் வரைந்தது. இரும்பும் கடுக்காய்த் துவர்ப்பும் சேர்ந்த அந்தக் கறுப்பு, காலப்போக்கில் நூலையே அரிக்கும். பழைய துணியைப் பலகையிலிருந்து உரித்தால் முதலில் கிழிவது அந்தக் கோடுதான்: கண், புருவம், விரல். ஒரு மனிதர் குனிந்து உட்கார்ந்து மூங்கில் குச்சியால் இழுத்த கோடு. அதைப் பசையில் புதைப்பதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது.

சரியான முறை இது. கோரா காட்டன் துணியைக் கழுவி, கஞ்சி நீக்கி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். அதன்மேல் ஓவியத்தை விரித்து, ஓரம் முழுக்கப் பருத்தி நூலால் அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் தளர்வான தையல் போட வேண்டும். ஓவியமும் கண்ணாடியும் தொடாமல் இருக்க, உள்விளிம்பில் 5 மில்லிமீட்டர் பட்டை வைக்க வேண்டும். தொட்டால் மழைக்காலத்தில் கண்ணாடியில் பூக்கும் ஈரம் நேரே துணியில் இறங்கும். பின்னால் காகிதம் ஒட்டி மூடி, கீழ் மூலை இரண்டிலும் கார்க் துண்டு வைத்தால் சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்று போகும். கூலி கூடும், இரண்டு நாள் அதிகம் ஆகும். கடையில் சொல்ல வேண்டியது ஒரே வரி: "பசை வேண்டாம், தைத்துக் கொடுங்கள்." மறுத்தால் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். மடிக்காதீர்கள்.

ஓதச் சுவரில் மாட்டுவது

பாத்ரூமுக்கு ஒட்டிய சுவர், மாடியிலிருந்து மழைநீர்க் குழாய் இறங்கும் சுவர் இரண்டிலும் சந்தேகப்படுங்கள். ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் அங்கே எதுவும் மாட்டக் கூடாது. தஞ்சாவூர் ஓவியம் கூடவே கூடாது. அதில் புடைப்பாக எழுப்பியிருப்பது சுண்ணப்பொடியும் பிசினும். ஈரம் ஏறினால் மேலே ஒட்டிய தங்க ரேக்கோடு, அதாவது மெல்லிய தங்கத் தகடோடு, பெயர்ந்து உதிரும்.

மாலை வெயில் படும் சுவர்

இயற்கைச் சாயத்தில் மஞ்சள்தான் முதலில் வெளுக்கும். மஞ்சள் போனால், நீலத்தின்மேல் மஞ்சள் ஏற்றி எடுத்த பச்சையெல்லாம் நீலமாகிவிடும். மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை, வெயிலைத் தாங்கும் பொருளுக்கு விடுங்கள். கரிகிரி மண்பாண்டம் அங்கே அழகாக நிற்கும். மெருகு சூளையில் வெந்தது, வெளுக்காது.

தங்க ரேக்கு எது என்று கேட்காமல் வாங்குவது

பித்தளை ரேக்கு கறுக்கும். 22 கேரட் ரேக்கு என்றால் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பெயின்ட் காய்வதற்குள் மாட்டுவது

மூன்று வாரம் பொறுங்கள்.

சாமி படத்தைச் சோபாவுக்குப் பின்னால் மாட்டுவது

வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள். சாமிக்கு முதுகு காட்டி உட்கார அவர்கள் மனம் ஒப்பாது; மாட்டியதைக் கழற்றினால் சுவரில் ஓட்டைதான் மிச்சம்.

ஒற்றை ஆணியை நம்புவது

பலகையும் கண்ணாடியும் சேர்ந்த தஞ்சாவூர்ப் படம் நல்ல கனம். சிமென்ட் பூச்சில் அடித்த ஆணி பூச்சோடு பெயர்ந்து வரும். பூச்சைத் தாண்டிச் செங்கல்வரை 8 மில்லிமீட்டர் துளை போட்டு, பிளக் வைத்து, இரண்டு அங்குல ஸ்க்ரூ இரண்டு முறுக்குங்கள். சணல் கயிறு வேண்டாம், கம்பி கட்டுங்கள். வருடா வருடம் போகிக்கு வீடு துடைக்கும்போது படத்தை இறக்கி, பின்காகிதத்தில் பூச்சி ஓட்டை இருக்கிறதா, கார்க் இரண்டும் இருக்கிறதா, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.