கடைசி நாலு கிலோ இறங்க மாட்டேன் என்கிறதா? முதலில் எண்ணெய்த் தூக்கை எடை போடுங்கள்

பத்து கிலோவுக்கு மேல் குறைத்துவிட்டு, இலக்குக்கு இன்னும் மூன்று நாலு கிலோதான் பாக்கி என்கிற நிலையில் மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்துகிறார்கள், இல்லாவிட்டால் வெறுத்துப்போய் பழையபடி சாப்பிட ஆரம்பிக்கிறார்கள். இரண்டும் வேண்டாம், கொஞ்சம் கணக்குப் போட்டாலே எங்கே சிக்கல் என்று தெரிந்துவிடும்.

38 வயது, 158 செ.மீ. உயரம், 74 கிலோவில் ஆரம்பித்து 64-க்கு வந்துவிட்ட ஒரு பெண், இலக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். உடம்பின் அடிப்படைச் செலவைக் கணக்கிடும் மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரப்படி 74 கிலோவில் சும்மா படுத்திருக்கவே அவருக்கு நாளுக்குச் சுமார் 1,375 கலோரி செலவாகும். 64-இல் அது 1,275. வீட்டு வேலை, ஆபீஸ், கொஞ்சம் நடை எல்லாம் சேர்த்து 1.4 மடங்கு போட்டால் முன்பு 1,925, இப்போது 1,785. அவர் முதல் நாளிலிருந்து அதே 1,650 கலோரிதான் சாப்பிடுகிறார் என்றால், ஆரம்பத்தில் தினமும் 275 கலோரி குறைவாகச் சாப்பிட்டார், இப்போது 135 மட்டுமே. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்பதால் 135 கலோரியை வைத்து அதைக் கரைக்க 57 நாள் ஆகும், அதாவது மாதத்துக்கு அரை கிலோ. போதாததற்கு, எடை குறைந்த உடம்பு சூத்திரம் சொல்வதைவிடவும் செலவைச் சுருக்கிக்கொள்ளும். லீபல், ரோசன்பாம், ஹிர்ஷ் மூவரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். நமக்கே தெரியாமல் உட்காரும் நேரம் கூடும், கை கால் ஆட்டுவது குறையும், லிஃப்ட் பக்கம் கால் தானாகப் போகும்.

மாதத்துக்கு அரை கிலோ இறங்குகிற எடை, ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குகிற தராசில் எப்படித் தெரியும்? அதனால் உண்மையிலேயே நின்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலையில் பாத்ரூம் போய்விட்டு, காபிக்கு முன்னால், தினமும் எடை பார்த்து எழுதுங்கள். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுங்கள். அந்தச் சராசரியை நான்கு வாரத்துக்கு முந்தைய சராசரியோடு ஒப்பிடுங்கள், நேற்றைய எடையோடு ஒப்பிட வேண்டாம். மாதவிலக்கு வருகிறவர்கள் போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும், ஏனென்றால் அதற்கு முந்தைய நாட்களில் சிலருக்கு ஒன்றிரண்டு கிலோ நீர் கோத்துக்கொள்ளும். கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம் சாப்பிட்ட மறுநாள் எடை கூடுவதும் நீர்தான். கல்யாணப் பந்தியில் சோறும் இனிப்பும் கட்டினால், தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புதிதாக ஜிம் போக ஆரம்பித்து உடம்பு வலித்தாலும் அப்படித்தான். இன்ச் டேப்பால் தொப்புள் மட்டத்தில் வாரம் ஒருமுறை இடுப்பை அளந்து வையுங்கள். எடை அப்படியே இருந்து இடுப்பு குறைகிறதென்றால் எதையும் மாற்றாமல் போய்க்கொண்டே இருக்கலாம்.

நான்கு வாரச் சராசரியும் அசையவில்லை, இடுப்பும் அப்படியே இருக்கிறது என்றால் சரி, நின்றுவிட்டது. இப்போது சமையலறைக்குப் போவோம்.

1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. 1,200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களைச் சோதித்துப் பார்த்ததில், அவர்கள் உடம்பின் செலவில் கோளாறு எதுவும் இல்லை. சாப்பிட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் மட்டும்தான் கணக்கில் எழுதியிருந்தார்கள். வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம், நம் வீட்டில் யார்தான் எண்ணெயை எழுதுகிறார்கள்?

ஒரு நாள் தோசைக்கு உட்காருவதற்கு முன் எண்ணெய்த் தூக்கை அப்படியே கிச்சன் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லைத் துடைக்க, ஓரத்தைச் சுற்றிவிட, திருப்பிப் போட்டதும் மேலே இரண்டு சொட்டு என்று எப்போதும் ஊற்றுகிற மாதிரியே ஊற்றுங்கள். நான்கு தோசை முடிந்ததும் தூக்கைத் திரும்ப வையுங்கள். தோசைக்கு 7 கிராம் போயிருந்தால் நான்குக்கு 28 கிராம், கிராமுக்கு 9 வீதம் 250 கலோரி. அந்த 135 இங்கேயே தீர்ந்துபோய் இன்னும் 115 கூடுதலாகவும் சேர்ந்துவிட்டது. இனி ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள், சின்ன ஸ்பூன் ஒன்று 5 மில்லி, சுமார் 40 கலோரி. அவ்வளவு பொறுமை இல்லையென்றால் மாதக் கணக்கு பாருங்கள்: நாலு பேர் வீட்டில் மாதம் மூன்று லிட்டர் செலவானால் ஆளுக்கு நாளுக்கு 25 மில்லி, 200 கலோரிக்கு மேல்.

அப்புறம் காபி. 100 மில்லி பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் ஒரு டம்ளர் சுமார் 100 கலோரி, அதுவும் நீலப் பாக்கெட் பாலுக்கு. ஆரஞ்சு பாக்கெட் ஃபுல் கிரீம் என்றால் கொழுப்பு இரண்டு மடங்கு. ஒரு நாளைக்கு மூன்று முறை குடிக்கிறவர் சர்க்கரையை மட்டும் நிறுத்தினாலே 100 கலோரிக்கு மேல் மிச்சம். வேர்க்கடலை, பாதாம் எல்லாம் நல்லதுதான், ஆனால் 30 கிராம் கைப்பிடிக்கு 170 கலோரி. தேங்காய் 100 கிராமுக்கு 350. குழந்தை தட்டில் மிச்சம் வைத்ததைத் தூக்கிப்போட மனசு வராமல் வாயில் போட்டுக்கொள்வதும் சாப்பாடுதான்.

ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தினமும் 135 என்றால் ஆறு நாளில் சேர்வது 810. ஞாயிறு மதியம் பிரியாணி இரண்டாவது தடவை, சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி ஐஸ்கிரீம் என்று அன்றைய செலவைவிட 800 கூடினால் அந்த வாரமே சுழி. 74 கிலோவில் இருந்தபோது இதே ஞாயிறைத் தாங்குகிற இடம் இருந்தது, இப்போது இல்லை. பிரியாணியை விடச் சொல்லவில்லை. ஒரு தட்டோடு எழுந்துவிடுங்கள், சாயங்காலத்தை விட்டுக்கொடுங்கள்.

சோற்றை அடியோடு நிறுத்தினால் முதல் வாரம் எடை கிடுகிடுவென்று இறங்கும், அதில் பெரும்பகுதி மேலே சொன்ன தண்ணீர். அளவைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுவது மேல். 64 கிலோ ஆளுக்கு நாளுக்கு 75 முதல் 100 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம். நாலு இட்லி சட்னியில் பத்து கிராம்கூடத் தேறாது. இரண்டு முட்டையில் 12, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 13, உலர்ந்த சோயா உருண்டை 30 கிராமில் 15. மீன், கோழி சாப்பிடுகிறவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, வறுக்காமல் குழம்பு வைத்தால் போதும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

வாரம் இரண்டு மூன்று நாள் ஸ்குவாட், புஷ்அப், டம்பெல் என்று ஏதாவது எடைப் பயிற்சி இருக்கட்டும். அதனால் கலோரி பெரிதாக எரிந்துவிடாது, இறங்குகிற எடை தசையாகப் போகாமல் கொழுப்பாகப் போக அது வேண்டும். செலவைக் கூட்டத்தான் நடை. அரை மணி நேரத்துக்குச் சுமார் 100 கலோரி, மூன்று வேளையும் சாப்பிட்டதும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொண்டாலும் சரி. வாக்கிங் முடித்து டீக்கடையில் ஒரு மெதுவடை சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும், சொல்லிவிட்டேன்.

பல மாதமாக விடாமல் டயட்டில் இருந்து, தூக்கம் கெட்டு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தால் இரண்டு வாரம் நிறுத்துங்கள். கண்டபடி சாப்பிடுவதற்கு இல்லை, எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்கிற அளவு, நம் உதாரணத்தில் சுமார் 1,785 கலோரி. ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளியான ஒரு ஆய்வில் இப்படி விட்டு விட்டு இருந்த ஆண்களுக்குக் கூடுதலாக எடை குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அப்படி வரவில்லை, ஆனாலும் மனசுக்கு இளைப்பாறல் கிடைக்கும்.

1,200 கலோரிக்குக் கீழே நீங்களாக இறங்காதீர்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். அசதி, முடி கொட்டுவது, மாதவிலக்கு தள்ளிப்போவது இருந்தால் தைராய்டு பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, அந்த 60 எங்கிருந்து வந்தது? கல்யாணத்தின்போது இருந்த எடையா, பக்கத்து வீட்டு அக்காவின் எடையா? இந்தியர்களுக்கு பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 23-ஐத் தாண்டினால் அதிக எடை என்கிறார்கள், 158 செ.மீ.க்கு அது 57 கிலோ சொச்சம். ஆனால் இடுப்பு பெண்களுக்கு 80 செ.மீ.க்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருந்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்தால் அவசரமே இல்லை. ஆறு மாதம் 64-ஐ ஏறவிடாமல் வைத்திருந்துவிட்டு மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம். இல்லை, இப்போதே இறக்க வேண்டும் என்றால் எண்ணெய், காபி, ஞாயிறு மூன்றில் எது உங்களுக்குச் சுலபமோ அதை மட்டும் முதலில் மாற்றி, நான்கு வாரம் கழித்துச் சராசரியைப் பார்த்துவிட்டு அடுத்ததில் கை வையுங்கள்.