பூங்காவில் மண்புழு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதத்தில் பூங்கா மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இங்கே மண்புழுவே இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறோம். கோடையில் மேல்மண் காய்ந்ததும் புழுக்கள் ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போய்ச் சுருண்டு கிடக்கும். தமிழ்நாட்டில் தேடுவதற்கு நல்ல காலம் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மழை விட்ட மறுநாள் காலையில், பெருக்குபவர்கள் வருவதற்கு முன்பே போய்விடுங்கள்.

அப்புறம், புழுவைத் தேடாதீர்கள், எச்சத்தைத் தேடுங்கள். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். எறும்பு வெளியே தள்ளிய மண் உதிரியாக, நடுவில் ஒரு துளையைச் சுற்றி வளையமாகக் கிடக்கும். காய்ந்திருந்தால் ஊதினாலே பறக்கும். மண்புழு எச்சமோ அச்சில் பிழிந்த மாவு போலச் சிறு உருண்டைகளாக ஒட்டிக் குவிந்திருக்கும். வளைத் துளை பெரும்பாலும் குவியலுக்கு அடியில் மறைந்திருக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள்: புதியது என்றால் நசுங்கி விரலில் ஒட்டும், பழையது கட்டி தட்டியிருக்கும். நீளமாக மண் புடைத்த கோடு தெரிந்தால் அது பிள்ளைப்பூச்சி ஓடிய தடமாக இருக்கலாம். சருகின் மேல் மண் பூசியது போல இருந்தால் கரையான்.

சரி, எச்சம் கிடைத்துவிட்டது. பத்துக் குவியல் என்றால் பத்துப் புழு என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே புழு பல முறை எச்சமிடும். சில இனங்கள் மண்ணுக்குள்ளேயே எச்சமிடும். பெருமழை குவியலைக் கரைத்தும் விடும்.

அழகாக வெட்டிய புல்வெளியை மட்டும் பார்ப்பதும் வீண் வேலை. சருகு முழுவதையும் கூட்டித் தள்ளிவிட்டால் புழு எதைத் தின்னும்? மரத்தடி, ஒழுகும் குழாயடி, சருகு மக்கும் மூலை ஆகிய இடங்களைப் பாருங்கள்.

மண்வெட்டியால் வெட்டித் தேடாதீர்கள். இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்பது வெறும் கதை. தலைப்பக்கத் துண்டு சில சமயம் பிழைக்கும், வால் துண்டு பொதுவாகச் செத்துப்போகும்.

ஒன்றுமே கிடைக்கவில்லை என்று மண்புழு உரக் கூடத்துப் புழுக்களை வாங்கி வந்து விடுவதும் பலன் தராது. அங்கே வளர்க்கும் ஆப்பிரிக்கப் புழு போன்றவை சாணத்திலும் மட்கும் குப்பையிலும் வாழ்பவை. வெறும் மண்ணில் தாக்குப்பிடிக்காது. அதைவிட, பூங்கா ஊழியரிடம் பேசி ஒரு மூலையில் சருகைக் கூட்டாமல் விடச் சொல்லுங்கள்.