பிரின்செப் சென்ற வழியில் பிராமி எழுத்தைக் கற்பது எப்படி?

இந்தியாவின் பழமையான எழுத்துமுறைகளில் ஒன்றான பிராமி எழுத்தைக் கற்க விரும்புகிறவர்களில் பலர் எழுத்து அட்டவணையை மனப்பாடம் செய்யத் தொடங்கிப் பாதியிலேயே சலித்துவிடுகிறார்கள். அந்த அட்டவணையே இல்லாத காலத்தில், கல்கத்தா நாணயச்சாலையில் உலோகத்தின் தரத்தைச் சோதிக்கும் பணியில் இருந்துகொண்டே இவ்வெழுத்தைப் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப் (1799–1840) சென்ற வரிசையில் கற்பதே எளிது என்பது என் கருத்து.

முதலில், மத்தியப் பிரதேசத்தில் உள்ள சாஞ்சி என்னும் பௌத்தத் தூபியின் சுற்றுவேலியில் உள்ள சிறு கல்வெட்டுகள் சிலவற்றின் படங்களை அருகருகே வைத்து, வாசிக்க முயலாமல், ஒவ்வொன்றின் கடைசி இரண்டு எழுத்துகளை மட்டும் ஒப்பிடுங்கள். பெரும்பாலானவற்றில் அவை ஒன்றாகவே இருக்கும். 1837-இல் பிரின்செப் கவனித்ததும் இதைத்தான். வெவ்வேறு கற்களில் தனித்தனியாக நிற்கும் இவ்வரிகள் ஒரே நூலின் தொடர்ச்சியாக இருக்க முடியாது, பொருள் கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல்வனவாகவே இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். கோயில் குழல்விளக்கில் வெளிச்சத்தையே மறைக்கும்படி எழுதப்பட்ட 'உபயம்' என்ற சொல்லைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஊகம் வியப்பளிக்காது. அவ்விரு எழுத்துகளும் 'தானம்' என்ற சொல். ஆண்பெயர்களை அடுத்து அதற்கு முன்னால் வரும் 'ஸ', 'இன்னாருடைய' என்பதைக் காட்டும் உருபு.

இந்த ஒரு சொல்லிலேயே நான்கு செய்திகள் கிடைத்துவிடுகின்றன: த, ந என்னும் எழுத்துகள், மேற்பகுதியில் வலப்புறம் நீளும் ஆகாரக் கோடு, ம் ஒலிக்கான புள்ளி. உயிர்க்குறிகள் மெய்யெழுத்தோடு ஒட்டி வரும் முறையை அலகாபாத் தூணின் எழுத்துகளைப் பட்டியலிட்டு 1834-லேயே பிரின்செப் உணர்ந்திருந்தார் என்பதால், நீங்களும் அட்டவணையை முழுதாகப் பார்க்காமல், கிடைத்த எழுத்துகளைக் கொண்டு சொந்தப் பட்டியல் ஒன்றைக் கையால் வரைந்து நிரப்பி வாருங்கள்.

அடுத்து, தோப்ராவிலிருந்து டெல்லிக்குக் கொண்டுவரப்பட்ட டெல்லி–தோப்ரா தூணுக்குச் செல்லுங்கள். அதன் சாசனங்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடக்கம் 'தேவானம்பியே பியதசி லாஜ' என்பதாகும். அச்சாசனங்களின் மொழியான பிராகிருதத்தில் ரகரம் லகரமாகும் என்பதை அறியாதவர்கள் 'ராஜா'வைத் தேடி இடறுவார்கள். அந்தப் பியதசி யார் என்பதில் பிரின்செப்பே முதலில் தவறி, இலங்கை மன்னர் தேவானம்பிய தீசன் என்று கருதினார். இலங்கையில் பணியாற்றிய ஜார்ஜ் டர்னர் பாலி நூல்களைக் கொண்டு அவர் அசோகரே என்று காட்டினார்.

இந்தப் பயிற்சிக்குப் பிறகே மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் போன்ற இடங்களின் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளைத் தொடுங்கள். ழ, ள, ற, ன ஆகியவற்றுக்கு அங்கே தனி வடிவங்கள் உண்டு. அதைவிட முக்கியமாக, கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் விளக்கியபடி, தொடக்ககாலத் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளில் உயிர்க்குறி இல்லாத எழுத்தை மெய்யாகப் படிக்க வேண்டும். அசோகர் எழுத்தில் ஆகாரத்தை மட்டும் காட்டும் கோடு, இங்கே அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் பொதுவானது. எது குறில், எது நெடில் என்பதைச் சொல்லின் பொருளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.