எண்களை முழுமையாக்கக் கற்பித்தல்: முதலில் எண்கோடு, பிறகு விதி

“5-ம் அதற்கு மேலும் வந்தால் ஒன்றைக் கூட்டு, 4-ம் அதற்குக் கீழும் வந்தால் குறை.” முழுமையாக்கல் பாடம் பெரும்பாலும் இந்த வரியோடுதான் தொடங்குகிறது. மாணவர்கள் அதை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் 43-ஐ அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கச் சொன்னால் சில நோட்டுகளில் 30 என்று இருக்கும். ‘குறை’ என்று சொன்னோம், அவர்கள் 4-ஐ 3 ஆக்கிவிட்டார்கள். தவறு மாணவரிடம் இல்லை, நாம் சொன்ன வரியில் இருக்கிறது.

முழுமையாக்கல் (சில பாடநூல்களில் ‘மட்டந்தட்டல்’) என்பது ‘எது பக்கத்தில் இருக்கிறது?’ என்ற கேள்விதான். அந்தக் கேள்வியை எண்கோட்டில் பார்த்துப் பழகிய பிறகு விதியைச் சொன்னால் போதும். பல வகுப்புகளில் மாணவர்களே அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள்.

தொடங்கும் முன் ஒரு கேள்வி

கரும்பலகையில் 7,463 என்று எழுதி, “இதில் மொத்தம் எத்தனை நூறுகள் இருக்கின்றன?” என்று கேளுங்கள். ‘4’ என்று பதில் வந்தால், அந்த மாணவர் நூறாம் இடத்தில் உள்ள இலக்கத்தைச் சொல்கிறார். சரியான விடை 74. இது புரியாத வகுப்பில் முழுமையாக்கலைத் தொடங்க வேண்டாம். ஒரு பாடவேளையை இதற்கே செலவிடுங்கள். 7,463-இல் 7 ஆயிரங்கள், 74 நூறுகள், 746 பத்துகள் என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

எண்கோட்டில் செய்வது

கோட்டைக் கிடையாக வரையாமல் செங்குத்தாக வரையுங்கள். 67 என்ற எண்ணுக்கு அடியில் 60, உச்சியில் 70, நடுவில் 65. இப்போது 67 எங்கே? நடுவைத் தாண்டி மேலே இருக்கிறது. 70-க்கு 3 தூரம், 60-க்கு 7 தூரம். ஆகவே 70. 62 என்றால் இறங்கி 60-க்குப் போகும். ‘கீழே போவது’ என்றால் கோட்டின் அடிக்குப் போவதுதான், இலக்கத்தில் ஒன்றைக் கழிப்பதல்ல என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். 43-இன் அடி 40. 30 அந்தப் படத்திலேயே இல்லை.

ஒவ்வொரு கணக்குக்கும் மூன்று விஷயங்களை எழுதச் சொல்லுங்கள்: கீழ் எல்லை, மேல் எல்லை, நடு. முதல் நாள் பத்து கணக்குகள் போதும். அவற்றில் 98, 4, 60 மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். 4-க்கு விடை 0 என்பதை ஏற்க மாணவர்கள் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தைப் பேசித் தீர்க்க வேண்டும். 60 ஏற்கெனவே பத்தில்தான் நிற்கிறது, எங்கும் நகராது.

சரியாக நடுவில் நின்றால்?

65 இரண்டு பக்கத்துக்கும் சம தூரம். அது ஏன் 70 ஆகிறது என்று கேட்கும் மாணவருக்கு நேர்மையான பதில்: அது ஒரு உடன்பாடு. ஆனால் வசதியான உடன்பாடு. 650-ஐ அருகிலுள்ள நூறுக்குப் பாருங்கள். 651 முதல் 659 வரை எல்லாமே நடுவைத் தாண்டியவை, உண்மையிலேயே 700-க்குப் பக்கத்தில் இருப்பவை. 650-ஐயும் அவற்றோடு சேர்த்துவிட்டால், பத்தாம் இடத்தில் 5 இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், அதற்குப் பின்னால் உள்ளதைப் பார்க்கத் தேவையில்லை. ‘அடுத்த ஒரு இலக்கத்தை மட்டும் பார்’ என்ற விதி இங்கிருந்துதான் வருகிறது. பைதான் என்ற கணினி நிரல்மொழியைப் படிக்கும் பெரிய வகுப்பு மாணவர் round(2.5) என்று கொடுத்து 2 வந்தது என்பார். அங்கே உடன்பாடு வேறு: நடுவில் நிற்பது இரட்டை எண்ணின் பக்கம் போகும். 3.5 என்று கொடுத்தால் 4 வரும்.

பெரிய எண்களும் 9-உம்

7,463-ஐ அருகிலுள்ள நூறுக்கு: 74 நூறுகளுக்கும் 75 நூறுகளுக்கும் இடையில், அதாவது 7,400, 7,500. நடு 7,450. விடை 7,500. விடையை 75 என்று எழுதி நிறுத்துகிறவர்களிடம் “75 என்ன?” என்று கேட்டால் ‘நூறுகள்’ என்று சொல்லித் தாங்களே பூச்சியங்களைப் போட்டுவிடுவார்கள். 7,563 என்று எழுதுகிறவர் பின்னால் உள்ள இலக்கங்களைப் பூச்சியமாக்க மறந்தவர்.

2,973-ஐ நூறுக்கு முழுமையாக்கும்போது இலக்கமாகப் பார்க்கிறவர் தடுமாறுவார்: 9-உடன் 1 சேர்த்தால் 10, அதை எங்கே எழுதுவது? நூறுகளாக எண்ணுகிறவருக்கு இது சிக்கலே அல்ல. 29 நூறுகள், அடுத்தது 30 நூறுகள். விடை 3,000.

கடைசி இலக்கத்திலிருந்து படிப்படியாக ஏறிப்போவது இன்னொரு தவறு. 3,447-ஐ ஆயிரத்துக்குக் கேட்டால் 3,450, பிறகு 3,500, பிறகு 4,000 என்று போவார்கள். எண்கோட்டில் நடு 3,500. 3,447 அதைத் தொடவே இல்லை. விடை 3,000. ஒரே தாவலில்தான் போக வேண்டும், அதுவும் மூல எண்ணிலிருந்து.

தசமங்கள்

முறை மாறுவதில்லை. 3.98-ஐ ஒரு தசம இடத்துக்கு: 39 பத்தில் ஒன்றுகளுக்கும் 40 பத்தில் ஒன்றுகளுக்கும் இடையில். விடை 4.0. வெறும் 4 என்று எழுதினால் முழு எண்ணுக்கு முழுமையாக்கியதாகிவிடும். அதே நேரம் 12.34-ஐ ஒரு தசம இடத்துக்கு 12.30 என்று எழுதக்கூடாது, 12.3 போதும். முழு எண்களில் பூச்சியம் இடத்தைக் காக்கிறது. தசமப்புள்ளிக்குப் பின்னால் கடைசியில் வரும் பூச்சியம் துல்லியத்தைச் சொல்கிறது.

எங்கே பயன்படுத்துவது, எங்கே கூடாது

398 × 21-ஐச் செய்யும் முன் 400 × 20 = 8,000 என்று ஓரத்தில் எழுதவையுங்கள். உண்மை விடை 8,358. 83,580 என்று எழுதியவர் தானே திரும்பிப் பார்ப்பார். ஆனால் சரியான விடை வேண்டிய கணக்கில் இடையில் முழுமையாக்கக்கூடாது. 24 + 34 + 14 = 72, பத்துக்கு 70. தனித்தனியாக முழுமையாக்கிக் கூட்டினால் 20 + 30 + 10 = 60. பத்தே போய்விட்டது.

அருகில் இருப்பது எப்போதும் விடையாகாது என்பதற்கும் இரண்டு கணக்குகள் கொடுங்கள். 40 இருக்கைகள் உள்ள பேருந்தில் 130 பேர் போக 3.25 பேருந்து என்று வரும், தேவை 4. 2 மீட்டர் கயிற்றில் 30 செ.மீ. துண்டுகள் 6.67 என்று வரும், கிடைப்பது 6.

சோதிக்கும் கேள்வி

நேரான கணக்குகளில் விதியை மனப்பாடம் செய்தவரும் மதிப்பெண் வாங்கிவிடுவார். புரிந்ததா என்று பார்க்கத் திருப்பிக் கேளுங்கள்: “பத்துக்கு முழுமையாக்கியபோது ஒரு முழு எண் 80 ஆனது. அது என்னவாக இருக்கலாம்?” 75 முதல் 84 வரை பத்து எண்கள். எண்கோடு பழகியவர் இரண்டு நடுக்களையும் குறித்துச் சட்டென்று சொல்லிவிடுவார். அதே கேள்வியைத் தசமங்களையும் சேர்த்துக் கேளுங்கள். 84.9 என்பார் ஒருவர், 84.99 என்பார் அடுத்தவர், இன்னொருவர் ஒரு 9 கூடுதலாகச் சேர்ப்பார். மிகப் பெரிய எண் என்று ஒன்று இல்லை, 85-க்குக் குறைவாக இருந்தால் போதும் என்று யாராவது சொல்லும் வரை காத்திருங்கள்.