செய்தித்தாளைக் குறியிடுவது எப்படி: 90 சதவீத உடன்பாடு ஏன் போதாது?

செய்தித்தாள் எதைப் பெரிதாகப் போடுகிறதோ, அதையே வாசகர்களும் பெரிய பிரச்சினை என்று நினைக்கிறார்களா? ஊடக விளைவு ஆய்வுக்குள் வரும் பலர் முதலில் கையில் எடுப்பது இந்தக் கேள்வியைத்தான். நானும் அப்படித்தான் வந்தேன்.

இதன் முன்மாதிரி, 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது வட கரோலைனா மாநிலத்தின் சேப்பல் ஹில் ஊரில் மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸும் டொனால்ட் ஷாவும் செய்த ஆய்வு. யாருக்கு ஓட்டுப் போடுவது என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம் எது முக்கியப் பிரச்சினை என்று கேட்டார்கள். அந்த ஊருக்கு வந்துசேரும் நாளிதழ், வார இதழ், டிவி செய்தி என்று 9 ஊடகங்களையும் அலசினார்கள். வாக்காளர்கள் சொன்ன முக்கியத்துவ வரிசைக்கும் ஊடகங்கள் கொடுத்த முக்கியத்துவ வரிசைக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு, முழுப் பொருத்தம் என்றால் 1) 0.967. 1972இல் வெளியான அந்தக் கட்டுரையிலிருந்து எல்லோரும் எடுத்துக்காட்டுவது இந்த எண்ணைத்தான். செய்திகளைக் குறியிட்டவர்களுக்குள் (எந்தச் செய்தி எந்தப் பிரச்சினையைப் பற்றியது என்று குறித்தவர்கள்) உடன்பாடு 0.90க்கு மேல் இருந்தது என்ற சிறு குறிப்பும் அதில் உண்டு. என்னைக் கேட்டால், முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். எண்ணியது சரியில்லை என்றால் 0.967க்கு என்ன மதிப்பு?

படி 1: நாள்களைத் தேர்ந்தெடுங்கள்

தொடர்ந்து 14 நாள் பேப்பரை எடுக்காதீர்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒரு புயல் வந்தால் உங்கள் ஆய்வு முழுக்கப் புயல்தான். ஆண்டு முழுவதிலுமுள்ள திங்கள்களில் இரண்டு, செவ்வாய்களில் இரண்டு என்று குலுக்கல் முறையில் எடுத்து, இரண்டு ‘கட்டமைத்த வாரம்’ செய்துகொள்ளுங்கள். ஒரு நாளிதழின் ஆறு மாதத்துக்கு ஒரு கட்டமைத்த வாரம் போதும் என்று 1993இல் ஆய்வாளர் ரைஃபும் அவர் குழுவும் சோதித்துக் காட்டினார்கள். அந்தக் கணக்கில் ஓராண்டுக்கு இரண்டு.

படி 2: குறியீட்டுக் கையேடு

தலைப்புகளின் பட்டியலை மட்டும் எழுதி வைத்தால் அது கையேடு ஆகாது. ஜூன் மாதம் மேட்டூர் அணை திறந்த செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அது குடிநீரா, விவசாயமா, காவிரிப் பிரச்சினையா? என் கையேட்டில் இப்போது இப்படி இருக்கிறது: ‘செய்தியின் தலைப்பு வரியும் முதல் பத்தியும் யாருடைய தேவையைப் பேசுகின்றனவோ, அதற்கே குறியீடு. பாசனப் பரப்பு, குறுவை, டெல்டா என்று வந்தால் விவசாயம்.’ இந்த அளவுக்கு வெளிப்படையாக எழுதுங்கள். கையேட்டை எழுதாத ஒருவர் அதை மட்டும் படித்துவிட்டுக் குறியிட முடிய வேண்டும்.

படி 3: இரண்டு பேர் உடன்படுகிறார்களா?

நான் சறுக்கிய இடம் இது. நானும் ஒரு தோழியும் 100 செய்திகளை எடுத்து, ஒவ்வொன்றும் குடிநீர்ச் செய்தியா இல்லையா என்று தனித்தனியாகக் குறியிட்டோம். 90 செய்திகளில் இரண்டு பேருடைய குறியும் ஒன்றாக இருந்தது. 90 சதவீதம்! அதையே அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில், “தற்செயலாகவே எவ்வளவு ஒத்துப்போயிருக்கும்?” என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கணக்கு இதுதான். இருவரும் ‘ஆம்’ என்றது 3 செய்திகள், இருவரும் ‘இல்லை’ என்றது 87. நான் மட்டும் ‘ஆம்’ என்றது 5, தோழி மட்டும் ‘ஆம்’ என்றது 5. ஆக ஆளுக்கு 8 ‘ஆம்’, 92 ‘இல்லை’. செய்தியைப் படிக்காமலே இதே விகிதத்தில் இருவரும் குறிகளை இறைத்திருந்தால்?

இருவரும் ‘ஆம்’: 0.08 × 0.08 = 0.0064
இருவரும் ‘இல்லை’: 0.92 × 0.92 = 0.8464
கூட்டினால் 0.8528.

அதாவது 85 சதவீதம் சும்மாவே வந்துவிடும். நாங்கள் உழைத்துப் பெற்றது 0.90 − 0.8528 = 0.0472. பெற்றிருக்கக்கூடியது 1 − 0.8528 = 0.1472. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.32. ஜேக்கப் கோஹன் 1960இல் கொடுத்த காப்பா கெழு இதுதான். 90 எங்கே, 0.32 எங்கே! தலைப்பு அரிதாக வரும்போதெல்லாம் இப்படித்தான் ஆகும். எங்கள் 100இல் இருவரும் சேர்ந்து கண்டுகொண்ட குடிநீர்ச் செய்தி மூன்றே மூன்று.

இரண்டு பேருக்கு மேல் குறியிட்டாலோ, சில கட்டங்கள் விடுபட்டிருந்தாலோ, காப்பாவைப் போலவே தற்செயலைக் கழித்துப் பார்க்கும் இன்னொரு அளவான கிரிப்பென்டார்ஃபின் ஆல்ஃபாவுக்குப் போங்கள். 0.80க்கு மேல் இருந்தால் நம்பலாம், 0.667 முதல் 0.80 வரை என்றால் தற்காலிக முடிவுகளுக்கு மட்டும் என்பது அவர் வைத்த வரம்பு.

எண் குறைவாக வந்தால் கையேட்டைத் திருத்துங்கள். அப்புறம் புதிய செய்திகளில் சோதியுங்கள். அதே 100 செய்திகளை உட்கார்ந்து பேசி, குறிகளை மாற்றிவிட்டு மறுபடி கணக்கிட்டால் வருவது நம்பகத்தன்மை அல்ல, சமரசம். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கருவிகள் பற்றி: முதல் தடவை காப்பாவைக் கையாலோ லிப்ரே ஆஃபீஸ் கால்க் என்ற விரிதாளிலோ போடுங்கள். அப்போதுதான் எண் எங்கிருந்து வருகிறது என்று புரியும். பிறகு புள்ளியியலுக்கான ஆர் (R) கணினி மொழியில் ‘ஐஆர்ஆர்’ (irr) பேக்கேஜ். இலவசம், காப்பா, ஆல்ஃபா இரண்டும் அதிலேயே இருக்கின்றன. காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையே இல்லை.

பிற்சேர்க்கை: ஆல்ஃபா அபத்தமாக வருகிறது என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அந்தப் பேக்கேஜில் காப்பாவுக்குச் செய்திகள் கிடைவரிசையில், குறியிட்டவர்கள் நெடுவரிசையில் இருக்க வேண்டும். ஆல்ஃபாவுக்கு அப்படியே தலைகீழ். அட்டவணையைத் திருப்பிப் போட்டுக் கொடுங்கள், சரியாகிவிடும்.

படி 4: இரண்டு வரிசைகளையும் ஒப்பிடுங்கள்

பேப்பர் கொடுத்த முக்கியத்துவ வரிசையையும் மக்கள் சொன்ன வரிசையையும் ஒப்பிட, ஸ்பியர்மன் தர ஒட்டுறவு (1, 2, 3 என்ற இடங்களை மட்டும் வைத்துக் கணக்கிடும் ஒட்டுறவு) போதும். ஆனால் 5 தலைப்புகளோடு நிறுத்தாதீர்கள். 5 தலைப்புகளை 120 விதமாக அடுக்கலாம், அவற்றில் 5 அடுக்குகளுக்கு 0.9 அல்லது அதற்கு மேல் தானாகவே வரும். எட்டுத் தலைப்பாவது வையுங்கள்.

ஒட்டுறவு கிடைத்துவிட்டால் ‘பேப்பர்தான் காரணம்’ என்று எழுதிவிடத் தோன்றும். மக்கள் கவலைப்படுவதைப் பார்த்து பேப்பர் எழுதியிருக்கலாமே? அதனால்தான் ஐயங்கார், பீட்டர்ஸ், கிண்டர் மூவரும் 1982இல் வெளியிட்ட சோதனைகளில், டிவி செய்தியையே மாற்றித் தொகுத்து, ஒரு வாரம் பார்க்க வைத்து, முன்னும் பின்னும் கேட்டார்கள். உங்களால் அது முடியாவிட்டால் குறைந்தது இதைச் செய்யுங்கள்: மக்களிடம் கேட்கும் நாளுக்கு முந்தைய வாரங்களின் பேப்பரைக் குறியிடுங்கள், அதற்குப் பிந்தையதை அல்ல.